கடலுக்கு ஒரு வாய்

கள்ளிமுனைத் துறையில் அடைக்கலமாதா என்ற பாய்க்கப்பல் முதன்முதலாகக் கடலில் இறங்கிய நாளில், மச்சாது முதலாளி மேளம் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தோள் கொடுத்து, பனங்கட்டைகளின் மேல் உருட்டித் தள்ளி, மூன்று பாய்மரமும் ஆட அது அலைக்குள் விழுந்து நிமிர்ந்தபோது, அதன் அடிவயிற்றுக்குள் புகுந்த முதல் கடல்தண்ணீர் கரிக்கவில்லை. கரையில் ஆரவாரம் செய்தவர்கள் யாரும் அதை அறியவில்லை. அறிந்தவர் கலப்பத்துக்காரர் கயித்தான் ஒருவர்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் கப்பலுக்கு உள்ளே இருட்டில் குப்புறப் படுத்து விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

விரலை நக்குவது அவர் தொழில். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள பொருத்தில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை வைத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அடித்து இறக்கி, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசி, கடலைக் கடலிலேயே நிறுத்தி வைப்பதுதான் கலப்பத்து. கப்பலுக்குள் எங்காவது தண்ணீர் நின்றால் கலப்பத்துக்காரர் முதலில் அதை ருசி பார்ப்பார். கரித்தால் அடிப்பலகை விட்டிருக்கிறது, உடனே அடைத்தாக வேண்டும். கரிக்காவிட்டால் அது மேல்தளத்திலிருந்து இறங்கிய மழைத்தண்ணீர், கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. கயித்தான் இதைத் தன் ஒரே மகன் எஸ்தாக்கிக்கு எழுத்து தெரியும் முன்பே சொல்லி வைத்திருந்தார். "கரிக்காட்டி பயமில்லலே" என்பார். அந்த எஸ்தாக்கிக்கு இப்போது இருபது வயது, அன்றைக்கு அதே கப்பலின் மேல்தளத்தில் புதுக் கலாசியாக நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் துறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கப்பலின் கடைசிப் பொருத்தில் ஒரு சாண் இடத்தை அடைக்காமல் விட்டுத்தான் கடலில் இறக்குவார்கள். அதற்குக் கடலுக்கு ஒரு வாய் கொடுப்பது என்று பெயர். கடல் ஒருமுறை உள்ளே வந்து பார்த்துவிட்டால் அதன் ஆசை அடங்கிவிடும், அப்புறம் அந்தக் கப்பலைத் தொந்தரவு செய்யாது என்று நம்பினார்கள். உள்ளே காத்திருக்கும் கலப்பத்துக்காரர் வந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, "கடல் தின்னாச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு அந்த ஒரு சாணையும் அடித்து மூடுவார். கயித்தான் தொட்டு வைத்தார். மறுபடியும் வைத்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை, தண்ணீர்ப் பீப்பாய் இன்னும் ஏற்றவே இல்லை. வழக்கப்படி குரல் கொடுத்தார், அடித்து மூடினார், மேலே வந்தார், வீட்டுக்குப் போய் மனைவி விசேந்தியிடம் மட்டும் சொன்னார். விசேந்தியிடம் மட்டும் சொன்னால் மறுநாள் கோயில் மணி அடிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும் என்பது இருபத்திரண்டு வருசம் குடித்தனம் நடத்திய மனுசனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஊரின் தாகம் சாதாரணத் தாகம் இல்லை. கள்ளிமுனையில் ஏழு கிணறுகள் இருந்தன, ஏழும் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைமுடி சிக்குப் பிடித்துக் கயிறாகும், குழந்தைகள் குடித்துவிட்டு முகம் சுளிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் செம்மணல் மேடான தேரிக்குள் இருந்த ஒரே ஊற்றுக்குப் போக வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம், வரும்போது இடுப்பில் குடம் நிறைந்திருக்குமல்லவா. பருப்புக் கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவி, பாத்திரம் கழுவியதை முருங்கைக்கு விட்டுத்தான் ஒரு சொம்பு தண்ணீரின் கணக்கு முடியும். நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டுவது அங்கே கெட்ட பழக்கம் இல்லை, பாவம். பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிடும் பெண்கள், பொய் சொன்னேன் சாமி, கோள் சொன்னேன் சாமி, தண்ணி கொட்டினேன் சாமி என்று வரிசையாகச் சொல்வார்கள். சாமியார் முதல் இரண்டுக்கும் சின்ன தண்டனை கொடுப்பார்.

ஆகவே மூன்றாம் நாள் ஊரே மச்சாது முதலாளியின் வாசலில் நின்றது. முதலாளி கயித்தானைக் கூப்பிட்டுவிட்டார்.

"தண்ணி வாற வழியத் தொறந்து போட்டுட்டுக் கப்பல ஓட்டச் சொல்லுதியளே முதலாளி" என்றார் கயித்தான்.

"ஒரு நூல் அளவுதான வே. பீப்பாய் வச்சுப் புடிச்சுக்கிடுவானுவ. ஊரு குடிக்கட்டும்."

கயித்தான் ஒரு நூல் அளவு திறந்து, உள்ளிருந்து ஒரு பூவரச ஆப்பு செதுக்கி அதில் பொருத்தினார். தட்டினால் இறுகும், இழுத்தால் தளரும். கப்பல் நங்கூரம் போட்டு நின்றபோது உள்ளே வந்த தண்ணீர் மற்ற கடலைப் போலவே கரித்தது, முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. பாய் விரித்துச் சரக்கோடு ஓடியபோது அதே திறப்பில் வந்த தண்ணீர் இளநீர் போல இருந்தது. நின்றால் கரிக்கும், ஓடினால் இனிக்கும். ஏன் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் நேரம் இல்லை, எல்லாரும் குடம் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித்தான், ஊரார் அடைக்கலம் என்று சுருக்கிக் கூப்பிட்ட அந்தக் கப்பல் பதினோரு வருசம் ஓடியது. போகும்போது கருப்பட்டியும் கருவாடும் பனைநாரும் ஏற்றிக் கொழும்புக்குப் போகும். வரும்போது அரிசியும் பாக்கும் தேங்காயும், அடிவயிற்றில் அறுபது பீப்பாய் நல்ல தண்ணீருமாக வரும். அது வந்து நின்றதும் எல்லாருக்கும் முன்னால் கயித்தான் ஏணி வழியாக இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்து, "நல்ல தண்ணி" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஒரு பெண்ணும் குடத்தைச் சாய்க்க மாட்டாள். சாமியாரும் ருசி பார்த்தார், மூன்று தரம் பார்த்தார், இது அற்புதமா அல்லவா என்று தனக்கு மேலான மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்டார். பதில் வருவதற்குள் அந்தத் தண்ணீரில் நாற்பது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து முடித்திருந்தார். பருப்பு முதல் கொதியிலேயே மலர்ந்தது. பெண்களின் கூந்தல் அவிழ்ந்து முழங்கால் வரைக்கும் இறங்கியது. கள்ளிமுனைக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய ஊர்கள் தாமே தேடி வந்து கொடுத்தன, வீட்டுக்கு வீடு வெற்றிலைக்கொடி ஏறியது, ஏழு கிணறுகளில் நான்கை மீன் முள்ளும் குப்பையும் போட்டுத் தூர்த்தார்கள், தேரி ஊற்றுக்குப் போகும் பாதையில் உடைமுள் வளர்ந்து மூடிக்கொண்டது. உவர்த்தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஆனால் ஊர் பெருத்தது, தாகமும் கூடவே பெருத்தது. நூல் அளவாக இருந்த திறப்பு மூன்றாம் வருசம் அரிசி அளவாயிற்று, ஆறாம் வருசம் சுண்டுவிரல் நுழையும் அளவாயிற்று. ஒவ்வொரு முறையும் அதைச் செதுக்கிப் பெரிதாக்கியது கயித்தானின் உளிதான். வாழ்நாளெல்லாம் ஓட்டையை மூடியே சோறு தின்ற கை, இப்போது ஓட்டை போட்டது. மற்றத் துறைகளில் அடைக்கலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கிணற்றைச் சுமந்துகொண்டு அலைகிற கப்பல் என்றார்கள். அது வருசத்துக்கு வருசம் தண்ணீரில் தாழ ஓடியது, காற்று நன்றாக அடித்தாலும் கர்ப்பிணி போல நிதானமாக வந்தது, தூரத்தில் நீராவிக் கப்பல்கள் புகை விட்டுக்கொண்டு அதை முந்திப் போயின. கயித்தானுக்கு வேறொன்று உறுத்தியது. வழக்கப்படி கடலுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு வாய். பதினோரு வருசமாகக் கடல் அந்தக் கப்பலுக்குள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, இன்னும் யாரும் "தின்னாச்சு" என்று குரல் கொடுக்கவில்லை.

இதற்குள் எஸ்தாக்கி கப்பலின் தண்டல் ஆகியிருந்தான். முதலாளிக்குப் பதில் கடலில் எல்லாரையும் ஆளுகிறவன் தண்டல். முப்பத்தொரு வயதில் அந்த இடத்துக்கு வந்தவன் அந்தத் துறையில் வேறு யாரும் இல்லை. கயித்தானுக்குப் பெருமைதான். பெருமை பகலில் இருந்தது, கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் பயம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.

பதினோராம் வருசம் மழை பொய்த்தது. ஆடியில் கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்த்தபோது, கயித்தான் யாரிடமும் கேட்காமல், விசேந்தியிடமும் சொல்லாமல், ஆப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தத் திறப்பைத் திரி வைத்து அடித்து மூடினார். அத்தனை நிம்மதியாக அவர் எந்தப் பொருத்தையும் மூடியதில்லை. கொட்டாப்புளி சத்தம் அன்றைக்குப் பாட்டுப் போல இருந்தது. கப்பல் போயிற்று, பாதி நாளில் போய்ப் பாதி நாளில் திரும்பியது என்று சொல்லுமளவுக்கு வேகமாக வந்தது, அரிசி வந்தது, பாக்கு வந்தது, அறுபது பீப்பாயும் காலியாக வந்தன.

யாரும் அவரைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் கயித்தான் கதவைத் திறந்தபோது அவர் வாசலில் ஒரு குடம் இருந்தது, காலிக்குடம். அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் வாசல் நிறைந்து, தெரு நிறைந்து, கோயில் முக்குவரை காலிக்குடங்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஆள் இல்லை, பேச்சு இல்லை. காற்று அடித்தபோது அத்தனை குடமும் ஊதின. நாலாம் நாள் அந்த வரிசையில் முதலாவதாகத் தன் வீட்டுப் பித்தளைக் குடத்தையே கண்டார். கழுத்தில் நசுங்கல் இருந்தது, விசேந்தியின் சீதனக் குடம்.

"நீயுமா?" என்றார்.

"மருமவ பெத்து இருவது நாளாவுது" என்றாள் விசேந்தி. "பாலு வத்திட்டு. உவர்த்தண்ணியக் குடிச்சா பிள்ளைக்கு வயித்தால போவுது. நீங்க மூடுனது ஓட்டைய இல்ல, பிள்ளைக்க தொண்டைய."

மாலையில் எஸ்தாக்கியே வந்தான். ஐப்பசி பிறந்துவிட்டது, வாடைக்காற்று தொடங்குகிற காலம், எந்தத் துறையிலும் அந்த மாதத்தில் கப்பலை இறக்க மாட்டார்கள். முதலாளி ஒரே ஒரு நடை போய்வரச் சொல்லியிருந்தார். கருப்பட்டி ஏற்றியாகிவிட்டது.

"தொறந்து விடுங்கப்பா" என்றான். "சுண்டுவெரல் பத்தாது. ரெண்டு வெரல்."

"வாடையிலயால?"

"தண்ணி ஏறுனா நாங்க பாத்துக்கிடுதோம். நாப்பது பேரா இருக்கோம்."

கயித்தான் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "முழங்காலுக்கு ஏறுனா எறைச்சுக் கொட்டணும். நல்ல தண்ணின்னு பாக்கப்பிடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமாப்பா. கொட்டிருதேன்." அவன் சிரித்தான். "கரிச்சாத்தான பயம்?"

அவர் உளியை எடுத்துக்கொண்டு கப்பலுக்குள் இறங்கினார். தான் மூடியதைத் தானே தோண்டினார். இரண்டு விரல் நுழைகிற மாதிரி திறந்து, புது ஆப்பு வைத்துத் தட்டி, மேலே வந்தபோது கரையில் பெண்கள் அவருக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தி அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

கப்பல் போன ஐந்தாம் நாள் காற்று தெற்கும் வடக்குமாக முறுக்கி அடித்தது. பனைகள் சாய்ந்தன. ஆனால் மழை ஒரு துளி இல்லை, வெறுங்காற்று மட்டும் மூன்று நாள் நின்று அடித்துவிட்டுப் போயிற்று. பதினான்காம் நாள் நண்பகலில், வடக்கே இரண்டு ஊர் தள்ளிக் கரையொதுங்கிய ஓர் ஆளைச் சாக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பலில் சோறு பொங்குகிற பண்டாரி ஒஸ்தியான். மிதந்து வந்த பலகை ஒன்றைக் கட்டிப் பிடித்துத் தப்பியவன். நாற்பது பேரில் அவன் ஒருவன்தான். அவனைக் கோயில் முக்கில் இறக்கினார்கள், தாகம் என்றான், யாரோ உவர்த்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு அழுதான். கூட்டத்தில் கயித்தானைத் தேடிப் பிடித்து அவரிடம்தான் சொன்னான்.

"காத்து புடிச்ச ரெண்டாம் நாளே தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு மாமா. ஆப்ப இறுக்கப் போனோம், அது தண்ணிக்குள்ள எங்கயோ போயிட்டு, வழி தட்டுப்படல. எறைங்கலன்னு தண்டல் கத்துனான். வாளிய எடுத்தோம், மோந்தோம், கப்பல் ஓரத்துக்குக் கொண்டுபோனோம்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கொட்ட முடியல மாமா. எல்லாருக்கும் ஒங்க வாசல்ல கெடந்த கொடம் கண்ணுல நிக்கி. நல்ல தண்ணிய எப்பிடிக் கொட்டுதது? தண்டல் வாளியப் பிடுங்கி அவனே கொட்டப் போனான். அவன் கையும் திரும்பல. பீப்பாய்ல ஊத்துனோம், பானையில ஊத்துனோம், சோத்துச் சட்டியில ஊத்துனோம். எல்லாம் நெறஞ்சுட்டு. அப்புறம் பாரம் கொறையட்டும்னு கருப்பட்டிச் சிப்பத்தத் தூக்கிப் போட்டோம். நங்கூரத்த அறுத்து விட்டோம். அரிவாமணையக் கூடப் போட்டோம். தண்ணியத் தொடல."

"பாய எறக்கலியா?" என்றார் கயித்தான். அந்தக் காற்றில் பாயை இறக்காதவன் யாரும் தப்ப மாட்டான் என்று அங்கே நின்ற பிள்ளைகளுக்கும் தெரியும்.

"எறக்கிக் கப்பல் நின்னா உள்ள வாற தண்ணி கரிச்சிருமே மாமா. அது கலந்து புடிச்சதெல்லாம் வீணாப் போயிருமே."

கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது, அதுதான் காரணம். அவர்களும் கொட்டியிருக்க மாட்டார்கள்.

"எம்மவன் என்ன சொன்னான்?"

"கடைசியில இடுப்பளவுத் தண்ணில நின்னான். ஒரு கை அள்ளிக் குடிச்சான். தப்பிச்சா அப்பாகிட்ட சொல்லு, நான் ருசி பாத்தேன், கரிக்கலன்னான்."

கயித்தான் தலையை ஆட்டினார். சரியாகச் செய்த வேலையைக் கேட்டுக்கொள்கிறவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், விசேந்தி வந்து அவர் பிடரியைப் பிடித்து நிறுத்தும்வரை.

மறுநாள் காலையில் கரையில் கருப்பட்டி வாசனை அடித்தது. பனையோலைச் சிப்பங்கள் காலியாக, மெதுமெதுவென்று ஊறி, அலையோடு வந்து ஒதுங்கிக்கொண்டிருந்தன. கடலில், கரையிலிருந்து தென்கிழக்கு நோக்கி, தேர் போன தடம் மாதிரி ஒரு பட்டைத் தண்ணீர் மட்டும் நிறம் மாறித் தெளிவாகக் கிடந்தது. முதலில் அதைக் கண்டவை ஆடுகள். கடல்பக்கம் திரும்பிப் பார்க்காத ஆடுகள் அலையில் முழங்கால் நனைய நின்று குடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு பெண்கள் வந்தார்கள். முந்தின நாள் தாலி அறுத்தவர்களும் அதில் இருந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு என்ன செய்வார்கள். ஆனால் யாரும் குடத்தைச் சாய்க்கவில்லை. பதினோரு வருசப் பழக்கம். கயித்தானுக்கு ஆள் போயிற்று.

அவர் வந்தார். குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்தார்.

கரிக்கவில்லை. ஓடும்போது மட்டும்தான் அடைக்கலத்தின் தண்ணீர் இனிக்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. அப்படியானால் அது இன்னும் நிற்கவில்லை. அடியில் எங்கேயோ, மூன்று பாயும் விரித்தபடி, எஸ்தாக்கியும் முப்பத்தெட்டுப் பேரும் உள்ளே நிற்க, இரண்டு விரல் திறப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது, நிறைந்துகொண்டே இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். அத்தனை குடமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கரிக்குது" என்றார் கயித்தான்.

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய். ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன, பெண்கள் ஆடுகளைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை. விசேந்தி பித்தளைக் குடத்தோடு முன்னால் வந்தாள். குனிந்து தன் விரலை நனைத்து வாயில் வைத்தாள். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"கரிக்குதுன்னு சொல்லுதாருல்ல" என்றாள் கடைசியில், திரும்பிப் பார்க்காமலே. "போங்க. போயி தேரிப் பாதையில முள்ள வெட்டுங்க."

ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள், கரை காலியாயிற்று. கயித்தான் மனைவியின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்கு நடந்தார். அந்தத் தெளிந்த பட்டையில் குடத்தை முக்கி நிறைத்தார், தூக்கிக்கொண்டு கரையேறினார், மணலில் கவிழ்த்தார். நல்ல தண்ணீர், ஒரு குடம் முழுக்க, மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று. மகனுக்குத் திரும்பாத கை அவருக்குத் திரும்பியது. மறுபடியும் இறங்கினார், மோந்தார், ஏறி வந்தார், கொட்டினார். மூன்றாம் தரம் அவர் இறங்கும்போது விசேந்தி இன்னொரு குடம் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.